பதிமூணாம் நம்பர் சட்டையின் இடது கை

சித்தூரிலிருந்து கிழக்கே போகிற பஸ்ஸில் ஏறி, பஸ்ஸுக்குள் மலையாளம் குறைந்து தமிழ் கூடுகிற இடத்தில் இறங்கினால், தென்னந்தோப்புக்குள் நீளமாக ஒரு தகர ஷெட் தெரியும். அது என் மனைவியின் தையல் யூனிட். என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அங்கே இருக்கிற ஏழு பெண்களும் சிரிப்பார்கள்.

என் மனைவியையும் சேர்த்து ஏழு பெண்களுக்கு ஏழு மெஷின். எட்டாவதாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் உண்டு. அதில் நான். தைத்து முடித்த சட்டையில் அங்கங்கே நூல் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிசிறை வெட்ட வேண்டும். அதுதான் என் உத்தியோகம். மூன்றாம் வகுப்பை இரண்டு தடவை படித்துவிட்டு, இனிமேல் இந்த வகுப்பில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்று வெளியே வந்தவன் நான். அப்புறம் முதலமடையில் மாங்காய் லாரிக்கு லோடு ஏற்றினேன். ஒருநாள் முதுகில் 'டக்' என்று ஒரு சத்தம். கூடை உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கூடை நன்றாகத்தான் இருந்தது.

என் மனைவிக்குத் தையலில் நல்ல பேர். பல வருஷம் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய் வந்தாள். விடியும் முன்பே ரோட்டில் வேன் வந்து ஹாரன் அடிக்கும். அவள் சோற்றுத் தூக்கோடு ஓடுவாள். இருட்டின பிறகு அதே வேன் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போகும். ஞாயிற்றுக்கிழமையில் எங்காவது ஹாரன் சத்தம் கேட்டாலும் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அந்த வேனிலிருந்து தப்பிக்கத்தான் இந்த ஷெட்டை வாடகைக்குப் பிடித்தாள். யாரோ எடுத்த ஆர்டர், யாருக்கோ போய், அங்கிருந்து இன்னொருத்தருக்குப் போய், கடைசியில் எங்களிடம் வரும். ஒரு மாதம் வேலை இருக்கும். அடுத்த மாதம் ஏழு பேரும் மெஷினைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படி ஒரு துடைக்கிற மாதத்தில்தான் கோயமுத்தூர் ஏஜென்ட் வந்தார்.

"ஏனுங்கம்மா, கேமரூன் டீமுக்குச் சட்டை தெக்கோணும். தெக்கறீங்களா?"

நான் முந்திக்கொண்டேன். "கேமரூன்னா ஃபுட்பால்தானுங்களே! உலகக் கோப்பை சமயத்துல நம்ம கவலையிலகூட ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தாங்களே." கவலை என்றால் எங்கள் பக்கம் முச்சந்தி.

"இது ஃபுட்பால் இல்லீங்க. ரக்பி லீக்குங்க. பந்தக் கையில புடிச்சுட்டு ஓடுவாங்க. ஓடறவனை மத்தவங்க சட்டையோட புடிச்சுக் கீழ தள்ளுவாங்க."

"சண்டைங்களா?"

"வெளையாட்டுதானுங்க."

"அட, கள்ளுக்கடைக்கு முன்னால நாங்க ஓசியிலயே வெளையாடறமுங்க. சட்டைதான் யாரும் குடுக்க மாட்டேங்கறாங்க."

ஏஜென்ட் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் அவள் காதில் விழுந்தது ஒன்றுதான்: சட்டையோடு பிடித்து.

"எத்தன பேருங்கண்ணா புடிப்பாங்க?" என்று கேட்டாள்.

"மூணு பேரு, நாலு பேருகூடப் புடிப்பாங்க. ஆப்பிரிக்க நாட்டு டீமுக நாலு சேந்து ஆடற போட்டிங்கம்மா. ஃபோன்ல உலகமே பாக்கும். சட்டை நின்னுச்சுன்னா இனிமே நடுவுல ஆளே வேண்டாம், உங்களுக்கு நேராவே வேலை குடுக்கறேன். நிக்கலீன்னா..."

அவர் போன பிறகு மீதியை அவளே சொன்னாள். "இது சரியா வந்துச்சுன்னா ஷெட்டு நிக்கும். இல்லீன்னா அடுத்த மாசம் மெஷினெல்லாம் வித்துப்போட்டு நான் வேன் ஏற வேண்டியதுதான்."

கட்டிங் பீஸ் பச்சை நிறத்தில் வந்தது. ஓரத்தில் சிவப்பும் மஞ்சளும். இழுத்தால் ரப்பர் மாதிரி நீளுகிற துணி. அதைத் தைப்பதற்கென்றே நீளுகிற நூல் கோன் கோனாக வந்தது. முதல் சட்டையை அவளே தைத்தாள். துணி ஓரத்தைச் சுற்றிப் பின்னுகிற ஓவர்லாக் மெஷினில் ஒரு தையல், அதன்மேல் இன்னொரு தையல். தைத்து முடித்து, என்னைக் கூப்பிட்டு மாட்டிவிட்டாள். அது ஆனை சைஸ். கழுத்து வழியாக என் தோள் இரண்டும் வெளியே வந்துவிடும்போல இருந்தது.

பழைய லோடுமேன் கூட்டாளிகள் மூன்று பேரை வரச் சொல்லியிருந்தாள். அதில் ஒருவன், என்னோடு பத்து வருஷம் லாரி ஏறினவன், என்னைச் சுற்றிவந்து பார்த்தான்.

"ஏப்பா, சட்டைக்குள்ள ஆளு இருக்குதா, இல்ல காத்துல ஆடுதா?"

"இருக்கேன்டா. மெதுவா இழுங்கடா."

"மெதுவா இழுக்கக் கூடாதுங்கண்ணா," என்றாள் என் மனைவி. "மாங்காக் கூடைய நெனச்சுக்கங்க."

மூன்று பேரும் மூன்று பக்கம் பிடித்தார்கள். ஒருவன் கையை, ஒருவன் முதுகை, ஒருவன் கழுத்தை. தோப்புக்குள் அரை வட்டம் சுற்றினேன். அதில் பாதித் தூரம் என் கால் தரையில் இல்லை. கடைசியில் ஒரு தென்னை மரம்தான் என்னை நிறுத்தியது. என் மனைவி ஓடிவந்தாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. தோள்பட்டைத் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆகல," என்றாள் சந்தோஷமாக.

"கழுத்து வலிக்குதுபுள்ள."

"சட்டைக்கு ஒண்ணும் ஆகலீங்க."

அப்படித்தான் பதினேழு சட்டையும் உருவானது. ஒரு பெண் காலர், ஒரு பெண் கை, ஒரு பெண் அடிமடிப்பு. ஓவர்லாக் மெஷினில் உட்கார்கிறவள் எங்களில் மூத்தவள். நாங்கள் எல்லாரும் அவளை அக்கா என்போம். ஒவ்வொரு சட்டையும் கடைசியில் என் ஸ்டூலுக்கு வரும். நான் பிசிறு வெட்டி, மடித்து, அடுக்கி வைப்பேன்.

பார்சல் போக வேண்டிய நாளுக்கு முந்தின மத்தியானம். என் மனைவி அட்டைப்பெட்டி வாங்கச் சித்தூர் போயிருந்தாள். பெண்கள் எல்லாரும் சாப்பிட வெளியே போய்விட்டார்கள். நான் மட்டும் உள்ளே. பதிமூணாம் நம்பர் சட்டை கையில். இடது கைக்கும் தோளுக்கும் சேருகிற இடத்தில் சுருள் சுருளாக ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. வெட்டினேன். இன்னும் கொஞ்சம் நீட்டியது. வெட்டினேன். இன்னும் வந்தது. சனியன், எவ்வளவுதான் வரும் என்று பிடித்து ஓர் இழு இழுத்தேன்.

ஓவர்லாக் தையலைப் பற்றி அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. சரியான நூலைப் பிடித்து இழுத்தால் அது சோளப்பொரி மூட்டையின் வாய்த் தையல் மாதிரி, சரசரவென்று ஒரே ஓட்டமாகப் பிரிந்துவிடும். நான் வெட்டினது பிசிறு இல்லை. தையல். ஒரு சாண் நீளத்துக்குத் தோள் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தது.

வெளியே போய் அக்காவிடம் காட்டியிருக்கலாம். சாப்பிட்ட கையைத் துடைத்துவிட்டு வந்து நிமிஷத்தில் அடித்துக் கொடுத்திருப்பாள். ஆனால் அப்புறம் வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். எனக்கும் ஒரு ரோஷம். இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, ஒரு சாண் தையல் நமக்கு வராதா? ஓவர்லாக்கில் ஐந்து நூல் கோக்க வேண்டும்; அது நமக்கு ஆகாது. மூலையில் ரவிக்கை தைக்கிற பழைய கால்மெஷின் ஒன்று கிடந்தது. அதற்கு ஒரு நூல் போதும். பக்கத்தில் பிஸ்கட் டப்பா. அதற்குள் பச்சை நூல். சட்டையின் பச்சைக்கு அண்ணன் தம்பி மாதிரி அத்தனை ஒற்றுமை. கடவுளே வழிகாட்டுகிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்து, மிதித்து, முடித்தேன். கொஞ்சம் வளைந்திருந்தது. இஸ்திரி போட்டதும் வளைவு அடங்கிவிட்டது. மடித்து, பன்னிரண்டுக்கும் பதினாலுக்கும் நடுவில் செருகினேன்.

சாயங்காலம் என் மனைவி எண்ணிப் பார்த்தாள். மேலாக ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தாள். "நல்லா மடிச்சிருக்கீங்க," என்றாள். அவள் என்னைப் பாராட்டுவது மழை மாதிரி, வருஷத்தில் எப்போதாவது. அதை வாங்கிக்கொள்ளக்கூட முடியாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

பார்சல் போன பிறகு எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். கிரிக்கெட்டில் பதினொன்றாவதாக வருகிறவன் என்ன செய்வான்? ஒன்றும் செய்ய மாட்டான். மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, மட்டையைத் தூக்கிக்கொண்டு போவான். இதில் உள்ளே ஆடுகிறவர்கள் பதிமூன்று பேர், மீதி நாலு பேர் மாற்று ஆட்கள் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். அப்படியானால் பதிமூணாம் நம்பர் கடைசி ஆள். ஓரமாக நின்று கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவான். சட்டை கசங்கக்கூடச் செய்யாது.

மனசு கேட்கவில்லை. ஒருநாள் ஏஜென்ட் ஃபோன் செய்தபோது, என் மனைவி பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, இந்தப் பதிமூணாம் நம்பர் ஆளு என்னங்க பண்ணுவான்? ஓரமாத்தான நிப்பான்?"

"ஓரமா? அவனுக்குத்தானுங்க வேலை ஜாஸ்தி. நட்ட நடுவுல நிப்பான். எல்லாரையும் புடிக்கறதும் அவன்தான், எல்லாரும் புடிக்கறதும் அவனைத்தான். ஏனுங்க கேக்கறீங்க?"

"சும்மாதானுங்கண்ணா. ஒரு பொது அறிவுக்கு."

அதற்கப்புறம் எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய். சோறு இறங்கியது. ருசிதான் தெரியவில்லை.

ஆட்டம் நம்ம நேரத்துக்குச் சாயங்காலம் நாலரை மணி. ஏஜென்ட் லிங்க் அனுப்பியிருந்தார். மெஷினை எல்லாம் நிறுத்திவிட்டு, கட்டிங் மேஜைமேல் ஒரு நூல் கோனை நிறுத்தி, அதில் ஃபோனைச் சாய்த்து வைத்தாள் என் மனைவி. எட்டுத் தலை அதைச் சுற்றி. எங்கள் பச்சைச் சட்டைகள் வரிசையாக மைதானத்துக்குள் ஓடிவந்தபோது எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஆட்களைப் பார்த்து இல்லை.

"என்ற காலரு! அய்யோ, எப்பிடி நிக்குது பாருங்க்கா!"

"அடிமடிப்பு சுருளவே இல்ல பாத்தியா?"

எதிர் டீம் கானா. வெள்ளைச் சட்டை. ஆட்டத்தின் சட்டத்தை அக்கா முந்தின நாளே ஃபோனில் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தாள்.

"ஆறு வாட்டி விழுகலாம். அதுக்குள்ள அந்தக் கோட்டைத் தாண்டிப் பந்தை வெக்கோணும். இல்லீன்னா பந்தை அவங்ககிட்டக் குடுத்தரோணும். மனசிலாச்சா?"

"அதுக்கு எதுக்குங்க்கா பந்தைப் பின்னாலயே வீசறாங்க?" என்று காலர் பெண் கேட்டாள்.

"கையில முன்னால வீசக் கூடாது. பின்னால இருக்கறவனுக்குக் குடுத்துட்டு, அவங்கூட எல்லாரும் முன்னால ஓடோணும்."

"ஏதோ பெரிய குடும்பமாட்ட இருக்குது," என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை. என் சிரிப்புக்கே அன்றைக்கு உப்பு இல்லை.

பதிமூணாம் நம்பர் எங்கே என்று தேடினேன். தேட வேண்டிய அவசியமே இல்லை. நட்ட நடுவில் இருந்தான். கழுத்தும் தலையும் ஒரே அகலம். எங்கள் லோடுமேன் மூன்று பேரைச் சேர்த்துக் கட்டினால் அவனுடைய ஒரு தொடைக்குக் காணாது. முதல் நிமிஷமே பந்தைப் பிடித்துக்கொண்டு மூன்று வெள்ளைச் சட்டைக்குள் போய் இடித்தான். மூன்று பேரும் அவன்மேல் தொங்கினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது எழுந்து நின்று, பந்தைக் காலால் பின்னால் உருட்டிக்கொண்டிருந்தான். கை இருந்தது.

இப்படியே அரை மணி நேரம். ஒவ்வொரு தடவை யாராவது பிடித்து இழுத்தபோதும் பெண்கள் "நின்னுச்சு!" என்று கத்தினார்கள். என் மனைவி கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துகொண்டே வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அதைப் பார்க்கப் பார்க்க நான் ஸ்டூலை ஒரு சாண் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் அது நடந்தது. கோட்டுக்குப் பக்கத்தில் பந்து அவன் கைக்கு வந்தது. ஒரு வெள்ளைச் சட்டைக்காரன் பாய்ந்து அவன் இடது கையைச் சட்டையோடு கொத்தாகப் பிடித்தான். பிடித்துச் சுழற்றினான். பதிமூணாம் நம்பர் முன்னால் இழுத்தான். ஃபோனில் சத்தம் கேட்காது. ஆனால் எனக்குக் கேட்டது, 'டப்' என்று. வெள்ளைச் சட்டைக்காரன் மல்லாந்து விழுந்தான். அவன் கையில் ஒரு பச்சைக் கை. பதிமூணாம் நம்பர், பிடி விட்ட கன்றுக்குட்டி மாதிரி நாலு எட்டு ஓடி, கோட்டைத் தாண்டிப் பந்தோடு விழுந்தான். கீழே கிடந்தவன் அந்தப் பச்சைக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான், உள்ளே ஆள் எங்கே போனான் என்கிற மாதிரி.

"நாலு பாயிண்டு!" என்று அக்கா எழுந்து குதித்தாள். பெண்கள் எல்லாரும் குதித்தார்கள். நானும் ஒரு சின்னக் குதி குதித்தேன்.

என் மனைவி ஃபோனைக் கையில் எடுத்தாள். அந்த இடத்தைத் திரும்பக் காட்டினார்கள். மெதுவாக, பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அந்த ஊர்க் கேமராக்காரன் என்னை விடுவதாக இல்லை.

"அது நம்ம தையல் இல்ல," என்றாள்.

குதித்தவர்கள் நின்றார்கள்.

"நம்ம தையல்னா துணி கிழியும், தையல் நிக்கும். இது துணி அப்பிடியே இருக்குது. நூலுதான் ஒரே வாட்டியில அந்துருக்குது." திரும்பி ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். ஆறாவது ஆளைத் தாண்டி ஸ்டூலுக்கு வந்தாள். நான் மேலே தகரத்தைப் பார்த்தேன்.

"ஏனுங்க."

"என்ன?"

"என்ன நூலு?"

"எந்த நூலு?"

"என்ன நூலுன்னு கேட்டனுங்க."

"பச்சை நூலு."

"எந்தப் பச்சை?"

"அந்த பிஸ்கட் டப்பாவுல இருந்துச்சுல்ல..."

அவள் எழுந்து போய் அந்த டப்பாவைத் திறந்து பார்த்தாள். "சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கற மெல்லிசு நூலுங்களா?"

அக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். பயனில்லை. நின்ற இடத்திலேயே சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "கேமரூன்காரனுக்கு ஃபால்ஸ் நூலு! அய்யோ சாமி, அவன் சட்டையச் சேலைன்னு நெனச்சுட்டாரு போல!" ஒவ்வொருத்தியாக எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன், வெட்டினதிலிருந்து.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா அஞ்சு நிமிசம்," என்றாள். "பிரிச்சு அடிச்சிருப்பேன்."

"பயந்துட்டேன்புள்ள."

"எதுக்கு?"

"நீ வைவேன்னு."

"இப்ப நான் வையறனா?"

"இல்ல. அதுதான் இன்னும் பயமா இருக்குது."

அவள் ஃபோனை எடுத்து ஏஜென்டைக் கூப்பிட்டாள். நான் அவள் முன்னால் போய் நின்றேன். கையைக் காட்டி வேண்டாம் வேண்டாம் என்றேன். அவளாகப் போய் ஏன் சொல்ல வேண்டும்? ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணா, பதிமூணாம் நம்பர் சட்டை கை வந்துருச்சுங்க. பாத்திருப்பீங்க. அது வேற நூலுல தெச்சது. துணிமேலயும் குத்தமில்ல, உங்க நூலுமேலயும் குத்தமில்ல. என்ற ஊட்டுத் தப்புதானுங்க."

அந்தப் பக்கம் வண்டிச் சத்தம். "நான் இன்னும் பாக்கவே இல்லீங்கம்மா. ரோட்டுல இருக்கேன். கை வந்துருச்சுங்களா?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மனுஷன் பார்க்கவே இல்லை!

"சரிங்கம்மா. பாத்துட்டுச் சொல்றேன்," என்று வைத்துவிட்டார்.

அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் பால் வாங்கப் போனபோது, ரோட்டில் அந்த வேன் நின்றிருந்தது. என் மனைவி டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"சீட்டு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"உங்களுக்கு இல்லாததாங்க்கா? ஒண்ணாந்தேதியிலிருந்து வாங்க."

நான் புளியமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பால் பாக்கெட் கையில் சூடாகிக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்ததும், பரணிலிருந்து அவள் பழைய சோற்றுத் தூக்கை இறக்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்கே பஸ் ஏறி முதலமடைக்குப் போனேன். என்னை இழுத்துச் சுற்றின கூட்டாளியிடம், நான் திரும்ப லோடுக்கு வரட்டுமா என்று கேட்டேன். அவள் வேன் ஏறுவதற்குப் பதில் நான் லாரி ஏறலாமே என்று ஒரு நினைப்பு.

"உன்ற முதுகுக்கு மாங்கா தூக்க முடியாதுடா," என்றான். "மாவிலை வேணும்னா தூக்கு. விசேஷ ஊட்டுக்குத் தோரணம் கட்டலாம்."

சிரித்துவிட்டுத் திரும்பி வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை.

அடுத்த ஆட்டம் மறுநாள் சாயங்காலம், நைஜீரியாவோடு. என் மனைவி பார்க்க வரமாட்டேன் என்றாள். அக்காதான் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தாள். ஆட்டத்துக்கு முன்னால் அவர்கள் நாட்டுப் பாட்டுப் பாடுவார்கள். தோளோடு தோள் சேர்த்து வரிசையாக நிற்பார்கள். கேமரா ஒவ்வொருத்தர் பக்கத்திலும் போகும். அக்கா ஏனோ எழுந்து நின்றாள். அவள் நின்றதால் எல்லாரும் நின்றோம். கேமரா பதிமூணாம் நம்பருக்கு வந்தது.

அதே சட்டை. கை திரும்ப ஒட்டியிருந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க," என்றாள் என் மனைவி. அக்கா விரலால் தொட்டு நிறுத்தினாள். என் மனைவி ஃபோனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பச்சைத் தோளில் மஞ்சள் நூலால் பெரிய பெரிய தையல். கையால் தைத்தது.

"யாரோ நல்லாத் தெரிஞ்ச ஆளு," என்றாள் மெதுவாக. "பாருங்க்கா, நேராப் போகல. குறுக்க குறுக்கப் போட்டிருக்காங்க. துணி நீண்டா இதுவும் கூடவே நீளும். இழுத்து முடியாம, கொஞ்சம் தளர்வா விட்டிருக்காங்க."

"பொம்பளையா, ஆம்பளையா?" என்று காலர் பெண் கேட்டாள்.

"யாரு கண்டா. ஆனா அவசரத்துல தெச்ச கை இல்ல இது."

நாலு நாளாகச் சிரிக்காதவள், முகம் தெரியாத ஒரு ஆளின் தையலைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். ஆட்டம் தொடங்கியது. மூன்று பேர் அந்தக் கையைப் பிடித்து இழுத்தார்கள். நின்றது. அப்புறம் இன்னொருத்தன் தொங்கினான். நின்றது. ஒவ்வொரு தடவையும் என் மனைவிதான் முதலில் "நின்னுச்சு!" என்று கத்தினாள், அது ஏதோ எங்கள் ஷெட்டின் எட்டாவது மெஷினில் தைத்தது மாதிரி.

அப்போதுதான் வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம். ஏஜென்ட் உள்ளே வந்தார். கையில் ஒரு பெரிய கவர். எல்லாரும் எழுந்தார்கள். ஃபோன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"உக்காருங்க, உக்காருங்க," என்றார். "ஆட்டம் பாக்கறீங்களா? யாரு முன்னால இருக்கறாங்க?"

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். ஒருத்தருக்கும் தெரியவில்லை. சட்டம் முழுக்கத் தெரிந்த அக்காவுக்கும் தெரியவில்லை.

"கை நின்னுச்சுங்க," என்றாள் காலர் பெண்.

ஏஜென்ட் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் ஸ்டூல், நான் சுவரோரமாக நின்றேன். "நீங்க சொன்னப்புறம் பாத்தனுங்கம்மா. நாலு வாட்டி பாத்தேன். மத்த பதினாறு சட்டையும் பாத்தேன், ஒரு நூல் எந்திரிக்கல. எதிர் டீமுச் சட்டை, வேற எங்கியோ தெச்சது, மூணு கிழிஞ்சிருக்குது. கேமரூன் டீம் மேனேஜருகிட்டயும் பேசினேன். கை வந்ததைப் பத்தி அவரு குத்தமாவே சொல்லல. அந்தக் கை வந்ததாலதான் கோட்டைத் தாண்டினான்னு சிரிக்கறாரு."

என் வாய் தானாகத் திறந்தது. "அப்ப நான் தெச்சதுலதானுங்க அவங்களுக்கு நாலு பாயிண்டு..."

"நீங்க பேசாம இருங்க," என்றாள் என் மனைவி.

ஏஜென்ட் கவரைப் பிரித்தார். உள்ளே ஆர்டர் பேப்பர். அவர்கள் நாட்டுப் பெண்கள் டீமுக்கும் சட்டை வேண்டுமாம். அதோடு வேறு இரண்டு டீமுக்கும். நேராக எங்கள் ஷெட்டின் பேரில். என் மனைவி பேப்பரை வாங்கி, கையில் வியர்வை இருக்கிறதென்று திரும்பக் கீழே வைத்துவிட்டு, சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தாள். படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"அண்ணா, கடைசியில பேனாவுல ஏதோ எழுதியிருக்கீங்களே?"

"படிங்கம்மா. சத்தமாவே படிங்க."

அவள் படித்தாள். "யூனிட்டில் உள்ள ஆண் நபர் எந்த மெஷினிலும் உட்காரக் கூடாது."

ஷெட் அதிர்ந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அதுல ஃபால்ஸ் நூலையும் சேத்துக்கங்க சார்," என்றாள்.

"மெஷின் மட்டும் போதாதுங்கண்ணா," என்றாள் என் மனைவி. "கத்திரியவும் எழுதுங்க."

"அப்ப நான் என்னதான் பண்றது?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். அப்புறம் அடுத்த நாள் சித்தூர் போய், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு விற்கிற கத்திரி ஒன்று வாங்கிவந்தாள். ரோஸ் நிறப் பிடி, மொட்டை முனை. காகிதத்தையே யோசித்துத்தான் வெட்டும். இப்போது அதில்தான் பிசிறு வெட்டுகிறேன். மற்றவர்கள் பத்துச் சட்டை முடிக்கிற நேரத்தில் எனக்கு நாலு முடிகிறது. எந்த நூலைத் தொடும் முன்னும் தலையைத் தூக்கி, "அம்மிணி, இது பிசிறா தையலா?" என்று கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை கேட்கிறேன்.

நேற்றும் ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டிக் கேட்டேன். மெஷினை நிறுத்தாமலேயே திரும்பிப் பார்த்தாள்.

"பிசிறுதானுங்க. வெட்டுங்க," என்றாள்.